முறிந்த மணிக்கட்டுகள்

நாங்கள் ஷாகோப்பியில் வீடு வாங்கி ஏழு வருடம் ஆகிறது. மினியாபொலிஸ் நகரத்துக்குத் தென்மேற்கே, மினசோட்டா ஆற்றங்கரையில் இருக்கிற ஊர். வேலைக்காக வந்து தங்கிவிட்ட இந்தியக் குடும்பங்கள் இங்கே நிறைய. வீடு தேடிய நாட்களில் பள்ளிக்கூடம் எப்படி, அலுவலகம் எவ்வளவு தூரம், பனி கொட்டினால் தெருவை யார் ஒதுக்குவார்கள் என்றெல்லாம் விசாரித்தேன். ஊர்ப் பெயருக்கு என்ன அர்த்தம் என்று கேட்கத் தோன்றவே இல்லை.

போன வருடம் மகள்தான் அந்தப் பேச்சை எடுத்தாள். இங்கே ஆறாம் வகுப்பில் மினசோட்டா வரலாறு ஒரு பாடம். "ஷாகோப்பின்னா ஆறு, தெரியுமாப்பா?" என்றாள். ஊரை ஒட்டி ஓடும் ஆற்றைச் சொல்கிறாள் என்று நினைத்துத் தலையாட்டினேன். "அந்த ஆறு இல்லப்பா. அஞ்சு, ஆறு."

டகோட்டா என்ற அமெரிக்கப் பழங்குடி மக்களின் மொழியில் ஆறு என்ற எண்ணைக் குறிக்கும் சொல் அது. இந்த ஆற்றங்கரையில் வாழ்ந்த டகோட்டா தலைவர்கள் சிலர் அந்தப் பெயரை வழிவழியாகத் தாங்கியிருக்கிறார்கள். பக்கத்து ஊர் சாஸ்கா. தலைமகனுக்கு வைக்கும் பெயர். மிசிசிப்பிக் கரையில் வினோனா என்று ஓர் ஊர், தலைமகள். மினசோட்டா என்பதே வானம் கலந்த தண்ணீர் என்பதுபோன்ற ஒரு பொருள் தரும் சொல். இத்தனை ஊர்களுக்கும் ஆறுகளுக்கும் பெயர் தந்த மக்களை 1863-ல் அமெரிக்க நாடாளுமன்றமே சட்டம் போட்டு இந்த மாநிலத்தைவிட்டு வெளியேற்றியது. பெயர்களை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

அந்தப் பாடப்புத்தகத்தில் 1862-ல் நடந்த போர் பற்றியும் அதை நடத்திய தலைவரைப் பற்றியும் சில பக்கங்கள் இருந்தன. மகளுக்குப் பரீட்சை முடிந்துவிட்டது. எனக்கு முடியவில்லை. ஒரு வருடமாக அந்த ஒரு மனிதரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன்.

ஆங்கிலத்தில் அவரை லிட்டில் க்ரோ என்கிறார்கள். சின்னக் காக்கை. அது அவருடைய பெயரே கிடையாது. அவருடைய தாத்தாவின் டகோட்டாப் பெயருக்கு 'நடந்துகொண்டே வேட்டையாடும் பருந்து' என்பதுபோல அர்த்தம். யாரோ அந்தப் பருந்தைக் காக்கையாக்கிவிட்டார்கள், அது மூன்று தலைமுறைக்கும் ஒட்டிக்கொண்டது. இவருடைய சொந்தப் பெயர் தாவோயாத்தே தூத்தா. 'தன் சிவந்த மக்கள்' என்று சொல்லலாம். இதை வாய்விட்டுச் சொல்லிப் பழக எனக்கு இரண்டு நாள் ஆனது. அந்தப் பெயரிலேயே எழுதுகிறேன்.

1810 வாக்கில் கபோசியா என்ற ஊரில் பிறந்தவர். மிசிசிப்பிக் கரையில், இன்றைய செயின்ட் பால் நகரத்தை ஒட்டிய இடம். ம்டெவாகன்டன் என்ற டகோட்டாப் பிரிவின் தலைவர் குடும்பம். தாத்தாவும் அப்பாவும் அந்த ஊரின் தலைவர்கள். ஆனால் இளமையில் இவர் ஊரில் தங்கவில்லை. மேற்கே லாக் கி பார்ல் பக்கம் போய், வேறொரு பிரிவுத் தலைவரின் மகள்கள் நான்கு பேரை, நால்வரும் அக்கா தங்கைகள், மணந்து அங்கேயே இருந்தார். வியாபாரம் செய்தார். அங்கிருந்த பாதிரிமார் பள்ளியில் கொஞ்சம் எழுதப் படிக்கவும் கற்றுக்கொண்டார்.

1845-ல் அப்பா இறந்தார். வண்டியிலிருந்து துப்பாக்கியை இழுத்தபோது அது வெடித்துவிட்டது. தலைமை யாருக்கு என்ற பிரச்சினை எழுந்தது. மாற்றாந்தாய் வயிற்றுத் தம்பிகள் ஊரிலேயே இருந்தார்கள். இவர் வெளியூர்க்காரர் மாதிரி. 1846-ல் ஆற்றில் பனிக்கட்டி உருகியதும் தன் ஆட்களோடு படகில் கபோசியாவுக்கு வந்தார். தம்பிகள் துப்பாக்கியோடு கரையில் நின்றார்கள், இறங்கினால் சுடுவோம் என்றார்கள். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. இவர் இறங்கி, இரண்டு கைகளையும் நெஞ்சுக்குக் குறுக்கே கட்டிக்கொண்டு, சுடுங்கள், எல்லோரும் பார்க்கட்டும் என்று நின்றார். குண்டு இரண்டு கைகளையும் துளைத்து எலும்பை முறித்துக்கொண்டு போனது.

ஸ்நெல்லிங் கோட்டையின் ராணுவ மருத்துவர், கைகளை வெட்டி எடுக்காவிட்டால் பிழைக்கமாட்டார் என்றார். இவர் சம்மதிக்கவில்லை. ஊருக்குத் திரும்பி டகோட்டா வைத்தியர்களிடமே இருந்தார். உயிர் பிழைத்தது, கைகளும் மிஞ்சின, ஆனால் கோணலாகவே கூடின. மணிக்கட்டுகள் கடைசிவரை சரியாகவில்லை. அதற்குப் பிறகு நீளக் கைச்சட்டைதான். ஊர் அவரைத் தலைவராக ஏற்றுக்கொண்டது. சுட்ட தம்பிகளை ஊரே கொன்றது.

அவருடைய புகைப்படங்கள் சில இருக்கின்றன. நல்ல களையான முகம். நான் முகத்தைப் பார்த்துவிட்டு உடனே கைகளைத்தான் தேடுவேன். இந்த மனிதரின் வாழ்க்கையில் பெரிய திருப்பம் எது வந்தாலும் அதில் அந்தக் கைகள் வந்துவிடுகின்றன.

1851-ல் டகோட்டா நிலத்தை அமெரிக்க அரசாங்கத்துக்கு விற்கும் இரண்டு ஒப்பந்தங்கள் நடந்தன. ஜூலையில் ட்ராவர்ஸ் டி சூ என்ற ஆற்றுத்துறையில் மேற்குப் பிரிவினரோடு ஒன்று. ஆகஸ்டில் மென்டோட்டாவில் இவருடைய பிரிவினரோடு மற்றொன்று. ட்ராவர்ஸ் டி சூ எங்கள் வீட்டிலிருந்து நெடுஞ்சாலை 169-ல் தெற்கே போனால் செயின்ட் பீட்டர் ஊருக்குச் சற்று முன்னால் வரும். புல்வெளியும் ஆறும்தான். வண்டியை நிறுத்தி நடந்திருக்கிறேன். அங்கே அன்றைக்குக் கையெழுத்துப் போட வந்த தலைவர்களிடம், ஒப்பந்தத்தோடு இன்னொரு தாளையும் நீட்டி அதிலும் கையெழுத்து வாங்கினார்கள். வரப்போகிற பணத்திலிருந்து வியாபாரிகளின் கடன் பாக்கியை நேராக எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதிய தாள். ஒப்பந்தத்தின் இன்னொரு நகல் என்று நினைத்தே பலர் போட்டிருக்கிறார்கள்.

மென்டோட்டாவில் தாவோயாத்தே தூத்தா எளிதில் மசியவில்லை. 1837 ஒப்பந்தப்படி வரவேண்டிய பணத்தையே இன்னும் தரவில்லை, அதை முதலில் வையுங்கள் என்று உட்கார்ந்துவிட்டார். முதலில் கையெழுத்துப் போடுகிறவனைக் கொல்வோம் என்று டகோட்டாக்களிலேயே சிலர் மிரட்டிக்கொண்டும் இருந்தார்கள். கடைசியில் முதல் ஆளாக எழுந்து போனவர் இவர்தான். மற்றத் தலைவர்கள் பேனாவைத் தொட்டு அடையாளம் வைக்க, இவர் அந்தக் கோணல் கையால் தன் பெயரை எழுதினார்.

இரண்டு ஒப்பந்தங்களும் சேர்ந்து சுமார் 2 கோடியே 40 லட்சம் ஏக்கர். மிஞ்சியது மினசோட்டா ஆற்றின் இருபக்கமும் பத்துப் பத்து மைல் அகலத்துக்கு ஒரு நாடா. அந்த நாடாவைக்கூட செனட் ஒப்பந்தத்திலிருந்து அடித்துவிட்டது. ஜனாதிபதி மனம் வைக்கும்வரை இருக்கலாம் என்ற நிலைமைதான்.

இதற்காக அவரை விற்றுவிட்டவர் என்று அன்றும் திட்டினார்கள், இன்றும் சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. காடுகளில் மான் குறைந்துவிட்டது. ஆற்றில் நீராவிப் படகுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஆட்களைக் கொண்டுவந்து இறக்கிக்கொண்டிருந்தன. கையெழுத்துப் போடாவிட்டாலும் நிலம் போகும், காசும் வராது என்று கணக்குப் போட்டிருக்கிறார். அந்தக் கணக்கில் தவறு இருந்ததா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

1858-ல் அவரையும் மற்றத் தலைவர்களையும் வாஷிங்டனுக்கு அழைத்துப் போனார்கள். மாதக்கணக்கில் ஹோட்டலில் உட்காரவைத்துப் பேச்சை இழுத்தார்கள். அங்கேதான் அந்த நாடா நிலமும் உங்களுடையது என்று சட்டத்தில் இல்லை என்பதை முகத்துக்கு நேராகச் சொன்னார்கள். ஆற்றின் வடக்குக் கரை முழுவதையும் எழுதிக்கொடுத்துவிட்டுத் திரும்பினார். செனட் பிறகு அதற்கு வைத்த விலை ஏக்கருக்கு 30 சென்ட். அதிலும் பெரும்பகுதி வியாபாரிகளின் கணக்குக்குப் போனது. ஊரில் அவருடைய மதிப்பு அன்றிலிருந்து இறங்கத் தொடங்கியது. 1862 வசந்தத்தில் ம்டெவாகன்டன்களுக்காகப் பேசும் பேச்சாளர் பதவிக்கு நடந்த தேர்தலில் தோற்றுப்போனார்.

இந்த வியாபாரிகளின் கணக்கைக் கொஞ்சம் விளக்கவேண்டும். அது புரியாமல் 1862 புரியாது. நிலத்துக்கான விலையை மொத்தமாகக் கொடுக்கவில்லை. வருடத்துக்கு ஒருமுறை, வழக்கமாக கோடைத் தொடக்கத்தில், தங்க நாணயமாகத் தருவார்கள். அதுவரை மாவும் பன்றி இறைச்சியும் வியாபாரிகளின் கடைகளில் பற்று. பணம் பட்டுவாடா செய்யும் மேஜைக்குப் பக்கத்திலேயே வியாபாரி நோட்டோடு உட்கார்ந்திருப்பார். டகோட்டாக்காரர் வாங்கினாரா, எவ்வளவு வாங்கினார் என்பதற்கு வியாபாரியின் நோட்டுதான் சாட்சி. எதிர் நோட்டு யாரிடமும் கிடையாது. ஒருவருக்கு வரவேண்டிய தங்கம் மேஜையின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் போவதற்குள் தீர்ந்துவிடும்.

1861-ல் பயிரைப் புழு தின்றுவிட்டது. குளிர்காலத்திலேயே பட்டினி. 1862 கோடையில் பணம் வரவில்லை. அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடக்கிறது. தங்கமாகத் தருவதா, புதிதாக அச்சடித்த காகிதப் பணமாகத் தருவதா என்று வாஷிங்டனில் நாட்கள் ஓடின. இந்தச் சமயத்தில் இளைஞர்கள் கூடி, இனிமேல் பட்டுவாடா மேஜையில் வியாபாரிகள் உட்காரக்கூடாது என்று முடிவெடுத்தார்கள். பதிலுக்கு வியாபாரிகள் பற்றை நிறுத்தினார்கள். அரசாங்கக் கிடங்கில் உணவு மூட்டைகள் அடுக்கி இருந்தன. டகோட்டாக்களின் விவகாரங்களைப் பார்க்க அரசாங்கம் வைத்திருந்த ஏஜென்ட் தாமஸ் கால்பிரெய்த், பணமும் உணவும் சேர்த்துத்தான் கொடுப்பது வழக்கம் என்று சொல்லிக் கீழ் ஏஜென்ஸி என்ற அரசாங்க நிலையத்தில் கிடங்கைத் திறக்கவில்லை.

ஆகஸ்டில் நடந்த ஒரு கூட்டத்தில் தாவோயாத்தே தூத்தா பேசினார். பணம் எங்களுடையது, கைக்கு வரவில்லை. உணவு கண்ணெதிரே இருக்கிறது. ஏதாவது ஏற்பாடு செய்யுங்கள், இல்லாவிட்டால் நாங்களே ஒரு வழி பார்ப்போம். பசித்தவன் கிடைத்ததை எடுத்துக்கொள்வான் என்றார். ஆண்ட்ரூ மைரிக் என்ற வியாபாரி சொன்ன பதிலை, இதைப் படிக்கிற சிலர் கேள்விப்பட்டிருக்கலாம். பசித்தால் புல்லைத் தின்னட்டும், இல்லையென்றால் தங்கள் மலத்தைத் தின்னட்டும்.

தாவோயாத்தே தூத்தா அந்தக் கோடையில் அரசாங்கம் கட்டிக்கொடுத்த மரவீட்டில் இருந்தார். சில நாள் கோட்டும் கால்சட்டையும் போட்டார். சோளம் பயிரிட்டார். ஆகஸ்ட் 17, ஞாயிற்றுக்கிழமை, கீழ் ஏஜென்ஸியில் நடந்த கிறிஸ்தவப் பிரார்த்தனைக்குப் போய் உட்கார்ந்திருந்தார். தலைமுடியை மட்டும் வெட்டிக்கொள்ளவில்லை, மதமும் மாறவில்லை. ஒரு காலை வெள்ளையர் பக்கம் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று தோன்றுகிறது.

அந்த ஞாயிறு மதியம் ஆக்டன் என்ற இடத்தில், வேட்டைக்குப் போன நான்கு இளைஞர்கள் ஐந்து வெள்ளையரைக் கொன்றுவிட்டார்கள். ஒரு கோழி கூட்டிலிருந்த முட்டைகளை எடுப்பதில் யாருக்குத் தைரியம் என்ற பேச்சில் தொடங்கியது என்கிறார்கள். இரவோடு இரவாகக் குதிரையில் ஊர் திரும்பினார்கள். தலைவர்கள் கூடி, கூட்டமாகத் தாவோயாத்தே தூத்தாவின் வீட்டுக்கு வந்து, படுக்கையிலிருந்து எழுப்பினார்கள். போர் வேண்டும் என்றார்கள் இளைஞர்கள். தேர்தலில் தோற்கடித்த அதே ஆட்கள். வேறொருவரைத் தேர்ந்தெடுத்தீர்களே, அவரிடம் போங்கள் என்று அவர் சொல்லியிருக்கலாம்.

அந்தக் கூட்டத்தில் யாரோ அவரைக் கோழை என்றார்கள். அதற்கு அவர் பேசியதை, உடனிருந்த மகன் வோவினாபே நினைவில் வைத்திருந்து சொன்னார். பல வருடங்கள் கழித்து அச்சில் வந்தது. வெள்ளையர்கள் வானத்தைப் பனிப்புயல் மாதிரி மறைக்கும் வெட்டுக்கிளிகள். ஒருவனைக் கொல்லுங்கள், இருவரைக் கொல்லுங்கள், பத்துப் பேரைக் கொல்லுங்கள், அந்தக் காட்டில் இருக்கிற இலைகள் அளவுக்குக் கொல்லுங்கள், குறைந்ததே தெரியாது. நாள் முழுக்க விரல் விட்டு எண்ணினாலும் அதைவிட வேகமாகத் துப்பாக்கியோடு வருவார்கள். கடுங்குளிர் மாதத்தில் பசித்த ஓநாய்கள் முயலை வேட்டையாடுவதுபோல உங்களை வேட்டையாடுவார்கள். நீங்கள் முட்டாள்கள். இவ்வளவும் சொல்லிவிட்டு: "தாவோயாத்தே தூத்தா கோழை இல்லை. உங்களோடு சாவான்."

இந்த இடத்தில் நான் பல நாள் நின்றிருக்கிறேன். வாஷிங்டனை இரண்டு முறை பார்த்த மனிதர். ரயிலையும் பீரங்கியையும் நகரங்களையும் கண்ணால் கண்டவர். அந்த அறையிலேயே தோல்வி இவ்வளவு துல்லியமாகத் தெரிந்தது அவருக்குத்தான் இருக்கும். போகாதே என்று தடுத்திருக்கலாமே, விலகிப்போயிருக்கலாமே என்று என் மனைவி கேட்டாள். வபாஷா போன்ற தலைவர்கள் எதிர்த்தார்கள் என்பதும் உண்மை. ஆனால் 1846-ல் படகிலிருந்து இறங்கியவரை நினைத்துப் பார்க்கிறேன். அன்றைக்கும் சுடுவார்கள் என்று தெரிந்துதான் இறங்கினார். தன் மக்கள் தன்னை மதிக்கவேண்டும் என்ற ஆசையும் அதில் இருந்திருக்கும், சரி. இழந்த இடத்தை மீட்கும் ஆசை இல்லாத தலைவர் எங்கே இருக்கிறார். அதையும் தாண்டி, எப்படியும் இந்த நான்கு பேருக்காக எல்லோரையும் தண்டிப்பார்கள் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது.

விடிந்ததும், ஆகஸ்ட் 18 காலை, கீழ் ஏஜென்ஸியைத் தாக்கினார்கள். மைரிக் முதலில் செத்தவர்களில் ஒருவர். அவருடைய சடலத்தின் வாயில் புல் திணித்திருந்தது. அதே நாள் நண்பகல் வாக்கில் ரிட்ஜ்லி கோட்டைக்கு ஒரு வண்டி வந்துசேர்ந்தது. அதில் 71,000 டாலர் தங்கம். டகோட்டாக்களுக்கு வரவேண்டிய அந்த வருடப் பணம். சில மணி நேரம் முந்தியிருந்தால்!

போரின் நாட்களை நான் விரிவாக எழுதப்போவதில்லை. ஆறு வாரம்கூட நீடிக்காத போர். ரிட்ஜ்லி கோட்டையில் ஆள் குறைவாக இருந்தபோதே அதைப் பிடித்துவிட வேண்டும் என்று தாவோயாத்தே தூத்தா நினைத்தார். இளைஞர்கள் நியூ உல்ம் ஊருக்குப் போனார்கள். இருபதாம் தேதியும் இருபத்திரண்டாம் தேதியும் கோட்டையைத் தாக்கியபோது உள்ளே படை சேர்ந்துவிட்டது, பீரங்கிகள் தயாராக இருந்தன. நியூ உல்மின் பெரும்பகுதி எரிந்தது, ஆனால் ஊர் விழவில்லை. செப்டம்பர் 23-ல் வுட் லேக் சண்டையில் எல்லாம் முடிந்தது. அவர் திட்டமிட்டது விடியற்காலைப் பதுங்கித் தாக்குதல். உருளைக்கிழங்கு தோண்டப் போன சில சிப்பாய்கள் புல்லுக்குள் படுத்திருந்தவர்கள்மேலேயே வண்டியை ஓட்டிவந்துவிட, திட்டம் கலைந்தது.

இன்னொன்றைச் சொல்லாமல் போனால் நான் நேர்மையாக எழுதவில்லை என்று ஆகிவிடும். முதல் சில நாட்களில் கொல்லப்பட்டவர்களில் பெரும்பாலோர் சிப்பாய்கள் இல்லை. ஆற்றோரத்தில் சமீபத்தில் வந்து குடிசை போட்ட ஜெர்மானியர், ஸ்காண்டிநேவியர். பெண்கள், குழந்தைகள். இறந்தவர்கள் 400 முதல் 600-க்கும் மேல் என்று கணக்குகள் வேறுபடுகின்றன. 1851-ல் நீட்டிய அந்த இரண்டாவது தாளைப் பற்றி அந்தக் குழந்தைகளுக்கு என்ன தெரியும்? நியூ உல்மில் அவர்களுக்காக வைத்த கல்லின்முன் நின்று பெயர்களை வாசித்தேன். ஒரே குடும்பப் பெயர் வரிசையாக வந்துகொண்டே இருந்தது. போர் தொடங்கு என்று சொன்னவர் தாவோயாத்தே தூத்தாதான். அந்தச் சாவுகளை அவர் கணக்கிலிருந்து எடுத்துவிட்டு அவரை நேசிக்க என்னால் முடியாது. டகோட்டாக்களிலேயே பலர் அன்று வெள்ளைக்காரக் குடும்பங்களை ஒளித்துவைத்துக் காப்பாற்றினார்கள். கடைசியில் 269 பிணைக்கைதிகளைப் பத்திரமாக ஒப்படைத்ததும் போரை எதிர்த்த டகோட்டாக்களே.

அவர் செப்டம்பர் 7-ம் தேதி எதிர்ப்படைத் தளபதி ஹென்றி சிப்லிக்கு அனுப்பிய கடிதம் இருக்கிறது. ஏன் போர் தொடங்கினோம் என்று கேட்டதற்குப் பதில். பணம் வராதது, பிள்ளைகள் பட்டினியில் செத்தது, மைரிக் புல்லைத் தின்னச் சொன்னது, வியாபாரிகளின் பெயர்கள் என்று வரிசையாக வருகிறது. அதைப் பெற்றுக்கொண்ட சிப்லி யார்? 1851-ல் வியாபாரிகளின் பாக்கி என்ற பெயரில் டகோட்டாப் பணத்திலிருந்து பெரும் தொகை பெற்ற பழைய தோல் வியாபாரி.

பிறகு நடந்ததும் எல்லோரையும் தண்டிப்பார்கள் என்று அவர் எதிர்பார்த்தபடியேதான். ஆளுநர் அலெக்சாண்டர் ராம்சி, டகோட்டாக்களை அழிக்கவேண்டும் அல்லது மாநில எல்லைக்கு அப்பால் நிரந்தரமாகத் துரத்தவேண்டும் என்று சட்டமன்றத்தில் அறிவித்தார். ராணுவ விசாரணையில் 392 பேர். ஒரே நாளில் நாற்பது வழக்குவரை முடித்திருக்கிறார்கள். சில வழக்குகள் ஐந்து நிமிடம்கூட நடக்கவில்லை. 303 பேருக்குத் தூக்கு. ஜனாதிபதி லிங்கன் காகிதங்களை வரவழைத்து 39 பெயர்களைத் தன் கையாலேயே எழுதி அனுப்பினார். அதில் ஒருவருக்குப் பிறகு விலக்கு. 1862 டிசம்பர் 26 அன்று மன்கேட்டோவில் ஒரே மேடையில் 38 பேர். அமெரிக்க வரலாற்றில் ஒரே நேரத்தில் இத்தனை பேரைத் தூக்கிலிட்டது அந்த ஒருமுறைதான்.

சாஸ்கா என்றால் தலைமகன் என்று எழுதினேன் அல்லவா. சிறையில் அந்தப் பெயரில் பலர் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் சாரா வேக்ஃபீல்ட் என்ற பெண்ணையும் அவருடைய குழந்தைகளையும் போர் முழுவதும் காப்பாற்றியவர். அந்தப் பெண்ணே விசாரணையில் அவருக்காகச் சாட்சி சொன்னார். லிங்கனின் பட்டியலில் அவர் இல்லை. ஆனால் அன்று காலை சாஸ்கா என்று கூப்பிட்டபோது அவரை அழைத்துப்போய்த் தூக்கில் போட்டுவிட்டார்கள். இதைப் படித்த பிறகு பக்கத்து ஊருக்குப் போகும்போதெல்லாம் சாஸ்கா என்ற ஊர்ப் பெயர்ப் பலகையைப் பார்க்கிறேன்.

மன்கேட்டோவில் நூலகத்துக்கு எதிரே இப்போது சிறிய பூங்கா இருக்கிறது. வெள்ளைக் கல்லில் ஓர் எருமை. பக்கத்தில் 38 பெயர்கள். டிசம்பரில் ஒருமுறை குடும்பத்தோடு போயிருந்தோம். தெற்கு டகோட்டாவிலிருந்து டகோட்டாக்கள் குதிரையில் பல நாள் பயணம் செய்து, தூக்கு நடந்த அந்த நாளன்று அங்கே வந்துசேர்வார்கள். 2022 வரை அப்படி வந்தார்கள். அந்தக் குளிரில் குதிரைகளின் மூக்கில் பனி உறைந்திருந்ததைப் பார்த்து மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

தாவோயாத்தே தூத்தா அந்த 38 பேரில் இல்லை. தோற்ற மறுநாளே மேற்கே போய்விட்டார். 1863 மே மாதம் கனடாவில் கேரி கோட்டைவரை போய் ஆங்கிலேயரிடம் உதவி கேட்டார். ஆங்கிலேயருக்கும் அமெரிக்காவுக்கும் நடந்த 1812 போரில் அவருடைய தாத்தா ஆங்கிலேயருக்காகச் சண்டைபோட்டவர். அதற்குக் கிடைத்த பதக்கங்களைக் காட்டினார். கொஞ்சம் உணவு கொடுத்தார்கள், தோட்டா கொடுக்கவில்லை. கூட இருந்தவர்கள் கலைந்துபோனார்கள்.

ஜூனில் ஒரு சிறு கூட்டத்தோடு மினசோட்டாவுக்கே திரும்பினார். எதற்கு? மகன் வோவினாபே பிறகு கொடுத்த வாக்குமூலத்தில் காரணம் இருக்கிறது. வெள்ளையரோடு இனிச் சண்டைபோட முடியாது, கீழே போய்க் குதிரைகள் திருடி வந்து என் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு எங்காவது தூரமாகப் போய்விடுகிறேன் என்றாராம் அப்பா. எனக்கு வயசாகிவிட்டது, மூட்டை தூக்க நீ வா என்று அவனையும் கூட்டிக்கொண்டாராம். பையனுக்கு அப்போது 16 வயது இருக்கும்.

ஜூலை 3 மாலை, ஹட்சின்சன் ஊருக்கு வடக்கே ஒரு புதரில் இருவரும் ராஸ்பெரி பறித்துக்கொண்டிருந்தார்கள். ஜூலைத் தொடக்கத்தில் இங்கே புதர்களில் காட்டு ராஸ்பெரி பழுத்துக் கிடக்கும். நாங்களும் டப்பாவோடு போவோம். மான் வேட்டைக்கு வந்த நேதன் லாம்சன் என்ற விவசாயியும் அவர் மகனும் இவர்களைப் பார்த்துச் சுட்டார்கள். இரண்டு அப்பா, இரண்டு மகன். தாவோயாத்தே தூத்தா திருப்பிச் சுட்டார், பிறகு விழுந்தார். மகனிடம் தண்ணீர் கேட்டார். கொடுத்தான். குடித்ததும் உயிர் போய்விட்டது. பையன் அப்பாவின் காலில் புது மொக்கசின்களை மாட்டி, உடம்பைத் துணியால் போர்த்திவிட்டுத் தனியாக மேற்கே நடந்தான். நெடுந்தூரம் போகிறவருக்குப் புதுச் செருப்பு போட்டு அனுப்புவது டகோட்டா வழக்கம்.

மறுநாள் ஜூலை 4. சுதந்திர தினம். கொல்லப்பட்டது யார் என்றே அவர்களுக்குத் தெரியாது. ஓர் 'இந்தியன்', அதாவது ஒரு பழங்குடிக்காரன், அவ்வளவுதான். தலைத்தோலை உரித்தார்கள். உடம்பை ஹட்சின்சன் வீதியில் இழுத்துப்போனார்கள். காதிலும் மூக்கிலும் வெடி வைத்துச் சிறுவர்கள் கொளுத்தினார்கள். பிறகு மாடு அறுக்கும் இடத்தின் கழிவுக் குழியில் போட்டார்கள். தலை தனியானது.

ஜூலைக் கடைசியில் டெவில்ஸ் லேக் பக்கம் பட்டினியில் சுருண்டுகிடந்த வோவினாபேயைச் சிப்பாய்கள் பிடித்தார்கள். அவன் சொன்ன பிறகுதான் செத்தது யாரென்று தெரிந்தது. குழியிலிருந்த எலும்புகளைப் பார்த்தார்கள். இரண்டு கைகளிலும் மணிக்கட்டுக்குப் பக்கத்தில் பழைய முறிவு, கோணலாகக் கூடியது. மாநில அரசு நேதன் லாம்சனுக்கு 500 டாலர் கொடுத்தது.

தலைத்தோல், மண்டையோடு, முன்கை எலும்புகள் ஒவ்வொன்றாக மினசோட்டா வரலாற்றுச் சங்கத்திடம் வந்துசேர்ந்தன. பள்ளிப் பிள்ளைகள் வந்து பார்க்கும்படி காட்சிக்கு வைத்திருந்தார்கள். 1915-ல் காட்சியிலிருந்து எடுத்து உள்ளே வைத்தார்கள். தம்பிகளின் குண்டு துளைத்த அந்த எலும்புகள் அங்கேயே இன்னும் ஐம்பது வருடத்துக்கு மேல் இருந்தன.

வோவினாபேவுக்கும் தூக்குத் தண்டனை விதித்தார்கள், நிறைவேறவில்லை. அயோவாவில் சிறையில் இருந்தார், எழுதப் படிக்கக் கற்றார், கிறிஸ்தவரானார், விடுதலைக்குப் பிறகு தாமஸ் வேக்மேன் என்ற பெயரோடு தெற்கு டகோட்டாவில் ஃப்ளாண்ட்ரோ என்ற ஊரில் குடியேறினார். டகோட்டாக்களிடையே முதல் ஒய்.எம்.சி.ஏ.வைத் தொடங்கியவர் அவர்.

அவருடைய மகன் ஜெஸ்ஸி வேக்மேன் எண்பது வயதைத் தாண்டிய பிறகு, தாத்தாவைத் திருப்பிக் கொடுத்தார்கள். 1971 செப்டம்பர் 27 அன்று ஃப்ளாண்ட்ரோவில் குடும்பத்தார் கூடி, மிஞ்சியிருந்ததை அடக்கம் செய்தார்கள்.